கிழமரங்களோடு வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனில் கேட்பவர்களும் கோயில் வீதியில் மறித்துக் கேட்பவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் ஒரேயடியாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் ரொறொன்ரோவில் 15 வருசத்துக்கு மேல் மரப் பராமரிப்பு வேலை செய்துவிட்டு 2017இல் ஊருக்குத் திரும்பியவன். இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கோயில், பள்ளிக்கூடம், வீட்டு வளவு என்று எங்கெல்லாம் வயதான மரம் நிற்கிறதோ அங்கெல்லாம் போகிறேன்.

நீங்கள் மரம் வெட்டுகிறவரா, மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவரா?

இரண்டும்தான். ஆனால் என்னைக் கூப்பிடுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் தறிக்கத்தான் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் அந்த எட்டில் ஆறு மரத்துக்குத் தறிக்கவேண்டிய தேவையே இருக்காது. ஒரு காய்ந்த கொப்பு கூரைக்கு மேலே தொங்கும், அதை எடுத்தால் சரி. அப்படிச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றம், விறகுக்காரனோடு விலை பேசி வைத்திருப்பார்கள்.

எப்படி இந்த வேலைக்குள் வந்தீர்கள்?

விரும்பி வரவில்லை. 2001இல் ரொறொன்ரோவில் போய் இறங்கினேன், எல்லாரையும் போல ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அடுத்த வசந்தகாலத்தில் ஒரு மரக் கம்பனிக்கு நிலத்தில் வேலை செய்ய ஆள் தேவை என்றார்கள். மேலே ஏறுகிறவன் வெட்டிப் போடும் கொப்புகளை இழுத்துக்கொண்டு போய் அரைக்கும் மெசினுக்குள் தள்ளவேண்டும், அவ்வளவுதான். அதையே மூன்று வருசம் செய்தேன். அப்புறம் ஏறப் பழக்கினார்கள்.

முதன்முதல் ஒரு மேப்பிள் மரத்தில் அறுபது அடி ஏறி இறங்கியபோது மேலாளர் கை தட்டினார். இடுப்பில் பட்டி, கயிறு, கொளுவி என்று ஆயிரக்கணக்கான டொலர் சாமான் தொங்கியது. எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது எங்கள் ஊரில் காலமையும் பின்னேரமும் தளைநாரோடு வரிசையாகப் பனை ஏறி இறங்கின ஒரு மனிதர்தான். அவருக்கு யாரும் கை தட்டவில்லை. அவரை எங்கே நிறுத்தி வைத்துக் கதைத்தோம், எந்தச் சிரட்டையில் தண்ணீர் கொடுத்தோம் என்பதெல்லாம் இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தத் தொழிலையே நாடு மாறிப் போய்ச் செய்தால் அதற்குச் சான்றிதழ், காப்புறுதி, மரியாதை எல்லாம் உண்டு.

சான்றிதழ் பற்றியும் கேட்கிறார்கள். 1924இல் தொடங்கிய சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் ஒன்று இருக்கிறது. முழுநேரமாக மூன்று வருசம் வேலை செய்த அனுபவம் இருந்தால் அதன் பரீட்சை எழுதலாம். நான் 2007இல் எழுதினேன்.

கனடாவில் பழங்காடு பார்த்தீர்களா? அங்கே மரங்களைக் காப்பாற்றுகிறார்கள்தானே?

காப்பாற்றவும் செய்கிறார்கள், தறிக்கவும் செய்கிறார்கள். மேற்குக் கரையில் வன்கூவர் தீவு இருக்கிறது. 1993இல் அங்கே கிளேகுவட் சவுண்ட் என்ற இடத்துக் காட்டைத் தறிக்கவிடாமல் றோட்டில் இருந்ததற்காக 800 பேருக்கு மேல் கைதானார்கள். பிறகு 2020, 21இல் ஃபேரி கிறீக்கில் அதையும் தாண்டி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அப்படியிருந்தும் அந்தத் தீவில் நான் பார்த்த பழங்காட்டைவிடப் பார்த்த அடிக்கட்டைகள் அதிகம்.

அங்கே நிற்கும் ஒரு மரத்தின் கதையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் ஊருக்கும் பொருந்தும். 2011இல் டெனிஸ் குரோனின் என்ற மரக் கம்பனி ஊழியர் தறிக்கவேண்டிய காட்டை அளந்துகொண்டு போனார். தறிப்பதற்கு எல்லை குறிப்பதுதான் அவர் வேலை. நடுவில் ஒரு பெரிய டக்ளஸ் ஃபேர் மரம் நின்றது, உயரம் 66 மீற்றர். என்ன நினைத்தாரோ, 'இதை விடு' என்று அச்சடித்த பச்சை நாடாவை எடுத்து அதன் அடியில் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். சுற்றியிருந்த எல்லாவற்றையும் தறித்தார்கள், அது மட்டும் நின்றது. இப்போது அதற்குப் பெயரே 'தனித்துப்போன பெரிய டக்'. பார்க்க ஆட்கள் வருகிறார்கள், நானும் போனேன். போர்ட் றென்ஃபுறூவில் இருந்து கல்லு றோட்டால் போகவேண்டும். அதன் கீழே நின்றபோது சந்தோசம் வரவில்லை, அந்தரமாக இருந்தது. காற்றை மறிக்கப் பக்கத்தில் ஒரு மரம் இல்லை, நிழல் தர, ஈரம் காக்க ஒன்றும் இல்லை. வெறும் தரை.

ஊருக்கு வந்த பிறகு, நான்கு பக்கமும் சீமெந்து போட்ட கோயில் வீதியின் நடுவில் ஒரு மருதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரம்தான் கண்ணுக்குள் வரும்.

யாழ்ப்பாணத்தில் காடே இல்லையே, இங்கே என்ன பழைய மரம்?

குடாநாட்டில் காடு என்று சொல்ல ஒன்றுமில்லை என்பது சரிதான். ஆனையிறவு தாண்டினால்தான் பாலை, முதிரை, வீரை, கருங்காலி என்று வைரமரங்கள். அந்த வன்னிக் காடும் ஆதியில் இருந்து கைபடாத காடு என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி, எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முந்திக் கைவிடப்பட்ட வயல்களுக்கும் குளங்களுக்கும் மேலே வளர்ந்தது. நடு அடவியில் குளக்கட்டும் செதுக்கின கல்லும் கிடப்பது அதனால்தான். மனிதன் விலகி நின்றால் காடு திரும்பி வரும், ஆனால் இருபது தலைமுறை பொறுத்திருக்கவேண்டும்.

குடாநாட்டில் கிழமரங்கள் நிற்பது கோயில்களிலும் மடங்களிலும் பழைய பள்ளிக்கூடங்களிலும்தான். இலுப்பையைச் சும்மா அழகுக்கு நடவில்லை, கோயில் விளக்குக்கு எண்ணெய் வேண்டும் என்றுதான் நட்டார்கள். தேங்காயெண்ணெயும் போத்தல் எண்ணெயும் வந்த பிறகு இலுப்பைக் கொட்டை பொறுக்க ஆளில்லை. பயன் போனதும் மரம் இடைஞ்சலாகிவிட்டது. நெடுந்தீவுக்குப் போனால் பெருக்கமரம் பார்க்கலாம், ஆபிரிக்காவில் இருந்து வந்த இனம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். மன்னார் பள்ளிமுனையில் அதைவிடப் பெரியது நிற்கிறது.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: ஆலடி, புளியடி, வேம்படி, இலுப்பையடி, மானிப்பாயில் மருதடிப் பிள்ளையார். ஒன்றுகூட மரத்தின் உச்சியையோ கொப்பையோ சொல்லவில்லை. எல்லாம் 'அடி'. இருந்தது, கதைத்தது, வழக்குத் தீர்த்தது எல்லாம் மரத்தடியில்தான். இன்றைக்கு நாங்கள் கெடுப்பதும் சரியாக அந்த அடியைத்தான், அதைக் கீழே விளக்கமாகச் சொல்கிறேன்.

பெரிய மரம் என்றால் வயதான மரமா?

இல்லை. ஒன்ராறியோவில் நயாகரா மலைச்சரிவின் கற்பாறை விளிம்பில் சில சீடர் மரங்கள் நிற்கின்றன, கை மொத்தம்தான், முறுகி, தலைகீழாகக்கூடத் தொங்கும். யாரும் மதிக்காமல் கிடந்தவை. 1988இல் குவெல்ப் பல்கலைக்கழகத்தின் டக் லார்சனும் கூட்டாளிகளும் வளையம் எண்ணிப் பார்த்தபோதுதான் நூற்றுக்கணக்கான வருசம் என்று தெரிந்தது, சிலது ஆயிரத்தைத் தாண்டியது. கல்லில் பட்டினி கிடந்து மெதுவாக வளர்ந்ததுதான் அவற்றின் ஆயுள். நம் சுண்ணாம்புக் கல்லில் நிற்கும் பாலையையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். செம்பாட்டு மண்ணில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த வாகை முப்பது வருசத்தில் வீட்டை மறைக்கும், அதை ஆயிரங்காலத்து மரம் என்று படம் எடுத்துப் போடுவார்கள்.

வயது சொல்லச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். நம் நாட்டு மரங்களில் பலவற்றுக்கு வளையம் தெளிவாக விழாது, கிழமரம் என்றால் உள்ளே கோறையாகவும் இருக்கும். எண்ணுவதற்கு நடுவே இருக்காது.

எங்கள் கோயில் வேம்பு நன்றாகத்தான் நின்றது, கும்பாபிஷேகம் முடிந்து மூன்று வருசத்தில் பட்டுப்போனது. யாராவது நஞ்சு ஊற்றினார்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. யாரும் நஞ்சு ஊற்றவில்லை. திருப்பணிதான் கொன்றது.

மரத்துக்கு ஆழமாகப் போகும் ஆணிவேர்தான் உயிர் என்று நினைக்கிறோம். தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன, யாழ்ப்பாணத்தில் பல இடத்தில் அதற்குக் கீழே கல்தான். அந்த வேர் கொப்பு விரிந்த எல்லையோடு நிற்காது, அதையும் தாண்டி ஓடும். வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, மூச்சும் வேண்டும்.

இப்போது திருப்பணியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் லொறி வந்து கல்லும் மணலும் மரத்தடியில் பறிக்கும், நிழல்தானே. சீமெந்து குழைப்பதும் அங்கேதான், கழுவின தண்ணீர் மண்ணுக்குள் போகும். பிறகு வெளிவீதியை உயர்த்த ஓரடி மண் போட்டு இறுக்குவார்கள். அதற்கு மேல் கொங்கிறீற் அல்லது இன்ரலொக் கல். கடைசியாக மரத்தைச் சுற்றி ஒரு வட்டக் கட்டு, கட்டுக்குள் மண் நிரப்பி, மாபிள் பதித்து, உபயகாரரின் பெயர். மரத்தின் கழுத்தைப் பிடித்து நெரித்துவிட்டு மாலை போடுகிற மாதிரி. மரம் அன்றைக்கே சாகாது. உள்ளே சேமித்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு, மூன்று, சிலது ஐந்து வருசம் தாக்குப்பிடிக்கும். உச்சிக் கொப்பு காயத் தொடங்கும்போது ஆட்கள் 'வயது போட்டுது' என்பார்கள், கட்டினதையும் காய்ந்ததையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

2019இல் ஒரு கோயிலுக்குப் போனேன், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேர் கைகோர்த்தால்தான் கட்டிப்பிடிக்கலாம் என்ற மொத்தத்தில் ஒரு இலுப்பை. வேலை தொடங்க முன்னர் சபையில் இருந்து ஒருவர் மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் அடியில் இருந்து பன்னிரண்டு மீற்றர் விடச் சொன்னேன். கணக்கு இதுதான்: அடிமரத்தின் விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்குங்கள், அந்தத் தூரம் வரைக்கும் ஒன்றும் கட்டக்கூடாது. இன்னொருவர் சிரித்தார். "தம்பி, அப்படி விட்டால் தேர் எங்காலை சுத்துறது?" நியாயமான கேள்விதான். கடைசியில் ஆறு மீற்றருக்கு ஒத்துக்கொண்டார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். போன வருசம் பார்த்தேன், கிழக்குப் பக்கம் பாதி மரம் இலையில்லாமல் நிற்கிறது. தேர் நன்றாகச் சுற்றுகிறது. அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் நின்று சண்டை பிடித்திருக்கவேண்டும், தேரோடும் பாதைக்கு மட்டும் கல் போட்டு மிச்சத்தை மணலாக விடுங்கள் என்று படம் கீறிக் காட்டியிருக்கலாம். அந்த யோசனை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. இப்போது எல்லா இடத்திலும் முதலிலேயே படம் கீறுகிறேன்.

ஏற்கெனவே சீமெந்து போட்டாயிற்று என்றால்? உடைக்க மனம் இருந்தால் உடையுங்கள், ஆனால் மெசின் விட்டுக் கிண்டாதீர்கள், கையால். இறுகின மண்ணைக் காற்று அடித்துப் பிரிக்கும் கருவி வெளிநாட்டில் இருக்கிறது, இங்கே நான் ஒரு கொம்பிறஷரை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கிறேன். பிறகு அடியில் இருந்து ஒரு சாண் தள்ளி, சருகும் அரைத்த கொப்பும் நான்கு விரல் தடிப்பில் பரப்பவேண்டும். தோட்டத்துக்குக் குழை தாழ்க்கிற ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு நிமிசம்தான் எடுக்கும்.

மரம் கோறை விழுந்துவிட்டது. சீமெந்தால் அடைக்கலாமா?

வேண்டாம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் ஊரிலும் கோறைக்குள் கொங்கிறீற் நிரப்பினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். காற்றில் மரம் ஆடும், சீமெந்து ஆடாது, இரண்டும் உரசி உள்ளே இன்னும் உக்கும். நடு வைரம் என்பது செத்த மரம்தான், உயிர் பட்டைக்குக் கீழே இருக்கிறது. குழாயும் உள்ளே வெறுமைதான், முறியவில்லையே. சுற்றி நிற்கும் நல்ல மரத்தின் தடிப்பு ஆரையில் மூன்றிலொன்று இருந்தால் பொதுவாகப் பயமில்லை என்பது ஒரு கைக்கணக்கு. நான் மரச்சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பேன், அடியில் காளான் இருக்கிறதா, வேர் தூக்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். தடிப்புக் குறைந்த மரம் என்றால் உச்சியில் கொஞ்சம் பாரம் குறைக்கலாம், முட்டுக் கொடுக்கலாம். அனுராதபுரத்து மகாபோதியின் கொப்புகளுக்கு முட்டுக் கொடுத்திருப்பதைப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், கோறைக்குள் விளக்கு வைக்காதீர்கள், கற்பூரம் கொளுத்தாதீர்கள். உள்ளே உக்கின மரம் புகைந்து புகைந்து எரியும், வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அதற்குள் ஆந்தையும் கிளியும் வேறு குடியிருக்கும்.

மாரிக்கு முன்னம் மரத்தை மொட்டை அடித்தால் புயலுக்கு விழாதாமே?

2020 புரேவிப் புயலுக்குப் பிறகு இது ஒரு வியாபாரமாகிவிட்டது. மொட்டை அடித்த மரம் பயத்தில் நூறு தளிர் விடும், அவை வெட்டுப்பட்ட விளிம்பில் சும்மா ஒட்டிக்கொண்டு வளரும், ஐந்து வருசத்தில் அதுவே முறிந்து விழும். நடுவில் வெட்டு வாயால் உக்கல் இறங்கிவிடும். நல்ல மரத்தில் ஒரு தரத்துக்குக் கால்வாசிக்கு மேல் எடுக்கக்கூடாது, கிழமரத்தில் பத்திலொன்று எடுக்கவே நான் யோசிப்பேன்.

வெட்டுவதென்றால் எங்கே வெட்டுவது? கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்று வீங்கின மாதிரி ஒரு கழுத்து இருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே. அடிமரத்தோடு சீவியும் எடுக்கக்கூடாது, முளை மாதிரி நீட்டியும் விடக்கூடாது. இதைச் சொன்னவர் அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அரிந்து பார்த்தவர். மரத்தின் புண் நம் புண் மாதிரி ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றி உள்ளுக்குள் மதில் கட்டிப் பூட்டிவிட்டு மேலே புதிதாக வளர்கிறது என்று காட்டினார். அதனால் வெட்டின இடத்தில் தார், பெயின்ற், சாணி எதுவும் பூசத் தேவையில்லை. மனம் கேட்காவிட்டால் திருநீறு பூசுங்கள், கெடுதல் இல்லை.

ஆலமரத்து விழுதை வெட்டலாமா? பிள்ளைகள் தொங்குகிறார்கள்.

தொங்கட்டும். விழுதுதான் ஆலுக்கு நாளைய அடிமரம். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலுக்குப் பூஞ்சை பிடித்து 1925இல் நடு மரத்தையே அகற்றினார்கள், இன்றைக்கும் அது விழுதுகளில் ஒரு தோப்பாக நிற்கிறது. சென்னை அடையாற்று ஆலின் தாய்மரம் 1989 புயலில் விழுந்தது, விழுதுகள் நிற்கின்றன. இறங்கும் விழுதுக்கு ஒரு மூங்கில் குழாயில் மண் போட்டுக் கட்டிவிட்டால் ஆடு மாடு கடிக்காமல் நிலத்துக்கு வந்து சேரும்.

மரத்துக்குள் யுத்தகாலத்து செல் (எறிகணை) துண்டு இருந்தால் என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். வடக்கில் பழைய மரம் அரிகிற எல்லாருக்கும் இது தெரியும், மெசின் வாள் திடீரென்று கத்தும், பல்லுப் போய்விடும். ஒரு புளியில் நான் மூன்று சங்கிலி முறித்தேன். மரம் இரும்பைச் சுற்றி மூடிக்கொண்டு தன்பாட்டில் வளர்ந்திருக்கும், தோண்டி எடுக்கப் போனால்தான் புதுக் காயம். வெடிக்காத ஏதாவது போலத் தெரிந்தால் மட்டும் தொடாமல் விலகி நின்று பொலிசுக்குச் சொல்லுங்கள்.

வலிகாமம் வடக்கில் ஆமி பிடித்து வைத்திருந்த காணியை விட்டார்கள். போய்ப் பார்த்தால் வீட்டுக்குள்ளே அரசமரம். தறிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே பதில் இல்லை. கூரையில்லாத அறைக்குள் முளைத்த ஆலும் அரசும் சுவரை வேரால் கட்டிப் பிடித்திருக்கும், மரத்தை எடுத்தால் சுவரும் வரும். வீட்டைத் திருத்தப் போகிறீர்கள் என்றால் தறியுங்கள், நான் தடுக்கமாட்டேன், இருபது வருசத்துக்கு மேல் முகாமில் இருந்தவருக்கு மரத்தைப் பற்றி வகுப்பு எடுக்க என்னால் முடியாது. அங்கேயே இன்னொரு வளவில் ஒரு அம்மா, சுவர் இடிஞ்சாலும் பரவாயில்லை, மரத்தை விடு, நாங்கள் இல்லாத நேரம் வீட்டைப் பார்த்தது இதுதான் என்று சொன்னார். பின்பக்கம் புதுவீடு கட்டியிருக்கிறார்கள்.

பனைக்கும் இதே முறையா?

இல்லை. பனை புல்லினத்துக்குக் கிட்ட, தென்னை மாதிரி. அதற்கு ஒரே ஒரு குருத்து, காயத்தை மூடும் திறமையும் கிடையாது. குத்தின ஆணியின் ஓட்டை சாகும்வரை இருக்கும். முள்ளுச் சப்பாத்தோடு பனை ஏறுகிறவனைக் கண்டால் இறக்கிவிடுங்கள்.

என் காணியில் நிற்கும் மரத்தைத் தறிக்க நான் யாரிடம் கேட்கவேண்டும்?

காணி உறுதிப் பத்திரத்தில் 'வான்பயிர் செய்பயிர் உட்பட' என்று இருப்பதால் எல்லாம் என் இஷ்டம் என்று நினைக்காதீர்கள். பனை, பலா போன்றவற்றுக்கு 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் சட்டம் இருக்கிறது, முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வன்னி வைரமரம் என்றால் வனவளத் திணைக்களம்.

இதில் சம்பாதிக்கலாமா? என் மகன் படிக்க விரும்புகிறான்.

கனடாவில் நல்ல சம்பளம், இங்கே மோட்டர்சைக்கிள் பெற்றோலுக்கும் கயிறு மாற்றவும் சரி. தறிக்கிறவனுக்கு விறகு மிஞ்சும், தறிக்காதே என்கிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. படிப்பென்றால் கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம், ஜயவர்தனபுரவில் வனவியல். ஆனால் முதலில் ஒரு மாதம் என்னோடு நிலத்தில் கொப்பு இழுக்க அனுப்புங்கள், தங்கினால் பார்க்கலாம். ஏறும்போது எனக்கு இன்னும் பயம்தான். பயம் போன ஆளை நான் மேலே விடுவதில்லை.

எங்கள் வளவு மரத்தை வந்து பார்ப்பீர்களா?

வருவேன். கச்சான் காற்றுக் காலத்தில் அவசரம் இல்லாவிட்டால் வெட்டமாட்டேன், பார்க்க மட்டும் வருவேன். வருவதற்கு முன் அடிமரம், உச்சி, நிலம் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள், கடந்த ஐந்து வருசத்தில் பக்கத்தில் என்ன கட்டினீர்கள், எங்கே குழாய் தாழ்த்தீர்கள் என்று யோசித்து வையுங்கள். அப்புறம், நான் வரும்வரைக்கும் மரத்துக்குக் கீழே கூட்டவேண்டாம், சருகு கிடக்கட்டும். இதைச் சொன்னால் எல்லாரும் சரி என்பார்கள், யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் வேம்பின் கீழேயே காலமை ஐந்து மணிக்கு அம்மாவின் விளக்குமாறு சத்தம் கேட்கும். நான் எழும்பி வர முன்னர் சருகைக் குவித்து நெருப்பு வைத்துவிடுவார்.